1905-இல் தப்பித்த ஜார் 1917-இல் ஏன் தப்பிக்கவில்லை?

கடைசி பெஞ்ச் (கேள்வி)

வணக்கம். உலக வரலாற்றுத் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ரஷ்யாவின் 1917 பிப்ரவரிப் புரட்சிக்குக் காரணங்கள் என்று என் நோட்டில் ஏழு இருக்கின்றன: தோற்றுக்கொண்டிருந்த போர், ரொட்டித் தட்டுப்பாடு, விலைவாசி, நிலம் போதாத விவசாயி, கூலி போதாத தொழிலாளி, யார் பேச்சையும் கேட்காத ஜார் (ரஷ்யப் பேரரசர்), அவர் மதிக்காத டூமா (நாடாளுமன்றம்). மனப்பாடமும் ஆகிவிட்டது.

நேற்று 1905-ஐப் படித்தேன். டூமாவைத் தவிர்த்தால் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான்! ஜப்பானோடு போர். போர்ட் ஆர்தர் விழுந்தது, சுஷிமாவில் கப்பற்படையே மூழ்கியது. ஜனவரி 9 அன்று மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களை பீட்டர்ஸ்பர்கில் சுட்டார்கள். பொட்டெம்கின் கப்பலில் கலகம். அக்டோபரில் நாடே வேலைநிறுத்தம். ஆனால் ஜார் நிக்கோலஸ் அக்டோபர் 17 அன்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னும் பதினோரு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

1917-இல்? பிப்ரவரி 23-இல் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 2-இல் முடி போய்விட்டது. எட்டே நாள். (தேதிகள் எல்லாம் ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி. நம்முடையதற்கு 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

அதே நகரம், அதே ஜார். முடிவு மட்டும் எப்படி வேறானது?

தராசு

ரொட்டியை ஏழில் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. துருக்கி நீரிணையை அடைத்துவிட்டதால் ஏற்றுமதியாக வேண்டியதும் உள்ளேயே தங்கியது. விவசாயிதான் விற்கவில்லை. விற்று வருகிற ரூபிள் நோட்டை வைத்து அவன் என்ன வாங்குவான்? ஆலைகள் எல்லாம் பீரங்கிக் குண்டு செய்துகொண்டிருந்தன. கலப்பைக்கு இரும்பு இல்லை, துணி இல்லை, ஆணிகூட இல்லை. விற்றதும் தெற்கிலிருந்து பெட்ரோகிராடுக்கு வந்து சேர எஞ்சினும் நிலக்கரியும் போதவில்லை. (பீட்டர்ஸ்பர்குக்கு 1914-இல் வைத்த பெயர்தான் பெட்ரோகிராட்.)

ரேஷன் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியதும் கடைகளில் வரிசை நீண்டது. பிப்ரவரி 22 அன்று புட்டிலோவ் ஆலை நிர்வாகம் தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியது. மறுநாள் உலகப் பெண்கள் தினம். விபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, பக்கத்து ஆலை ஜன்னல்களைத் தட்டி ஆண்களையும் கூப்பிட்டார்கள். ஆரம்பம் அதுதான்.

பழைய பூட்ஸ்

தராசு சொன்னது சரி. ஆனால் மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதற்குத்தான் அது பதில். தம்பி கேட்டது அது இல்லையே. 1905-லும்தான் வந்தார்கள். அப்போது திருப்பி அனுப்ப முடிந்தது, 1917-இல் ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி.

நான் வரலாறு படித்தவன் இல்லை. பதினேழு வருஷம் சீருடை போட்டவன். அதனால் எந்தப் புரட்சியைப் படித்தாலும் என் கண் முதலில் போவது எதிர்ப்பக்கம் துப்பாக்கி பிடித்து நிற்பவனிடம்தான். அவன் எங்கிருந்து வந்தான், எத்தனை நாளாக அந்த ஊரில் இருக்கிறான், ராத்திரி எங்கே படுத்தான்?

1905 டிசம்பரில் மாஸ்கோவில் ஆயுதக் கிளர்ச்சி. உள்ளூரில் இருந்த படைகளை மேலிடம் நம்பவில்லை, பாதிப் பேரைப் பாரக்கை விட்டு வெளியே எடுக்கவே பயந்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? பீட்டர்ஸ்பர்கிலிருந்து செமியோனோவ்ஸ்கி மெய்க்காவல் ரெஜிமென்டை ரயில் ஏற்றி அனுப்பினார்கள். நாடு முழுக்க ரயில் நின்றிருந்தாலும் அந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே இருந்த பாதை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்தார்கள், பிரெஸ்னியா பகுதியைப் பீரங்கியால் அடித்தார்கள், முடிந்தது. அவர்களுக்கு மாஸ்கோவில் யாரையும் தெரியாது. ஜப்பானோடு சமாதானமும் முன்பே கையெழுத்தாகிவிட்டது, தூரக் கிழக்கிலிருந்த படைகள் திரும்பிக்கொண்டிருந்தன. நான்கு மாதத்தில் பிரெஞ்சுக் கடன் 225 கோடி ஃபிராங்க் வேறு வந்து சேர்ந்தது. சிப்பாய்க்குச் சம்பளம் தர முடிகிற அரசு சீக்கிரம் விழாது.

1917-க்கு வாருங்கள். பெட்ரோகிராடில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சிப்பாய்கள். பாரக் வாசலில் அதே பழைய பெயர்கள்: செமியோனோவ்ஸ்கி, பிரெயோபிரஜென்ஸ்கி, பாவ்லோவ்ஸ்கி, வோலின்ஸ்கி. பலகைதான் பழையது, ஆள் வேறு. அந்தப் பழைய மெய்க்காவல் ஆட்களில் பெரும்பாலோர் இரண்டரை வருஷப் போர்முனையில் முடிந்துபோனார்கள். நகரத்தில் இருந்தவை ரிசர்வ் பட்டாலியன்கள். புதிதாகப் பிடித்து வந்த விவசாயிப் பையன்கள், நாற்பதைத் தொட்ட குடும்பஸ்தர்கள், காயம் ஆறி மறுபடி போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்கள். வேலைநிறுத்தம் செய்த குற்றத்துக்காகப் படையில் தள்ளப்பட்ட தொழிலாளிகளும் இருந்தார்கள். இது எந்தப் புத்திசாலியின் யோசனையோ! நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். அதிகாரிகளும் போதவில்லை, இருந்தவர்களும் கற்றுக்குட்டிகள்.

பிப்ரவரி 25 இரவு மொகிலேவ் போர்த் தலைமையகத்திலிருந்து ஜாரின் தந்தி வருகிறது: தலைநகரக் குழப்பத்தை நாளைக்கே நிறுத்து. தளபதி கபாலோவ் சுட உத்தரவு போட்டார். 26 ஞாயிற்றுக்கிழமை, ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் வோலின்ஸ்கியின் பயிற்சிப் பிரிவு சுட்டது, பலர் செத்தார்கள். அன்று மாலை பார்த்தால் 1905 மாதிரியே முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டத்தை மறித்து நிற்க வைத்தார்கள். சுடவில்லை, சுடச் சொல்லவும் இல்லை. மூன்று மணி நேரம் நின்றோம், அவ்வளவுதான். முன்வரிசையில் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கத்துவதை நிறுத்தி, "பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்குது பாரு" என்றார். அப்புறம் மறுபடி கத்த ஆரம்பித்தார். நான் குனியவில்லை, வரிசையில் நிற்கும்போது குனியக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாவைக் கூட்டத்தில் சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று ராத்திரி எங்கள் பாரக்கில் விளக்கணைத்த பிறகும் யாரும் தூங்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. "நாளைக்கும் போகணுமா?" என்று ஒருவன் மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தான் 26-ஆம் தேதி ராத்திரி வோலின்ஸ்கி பாரக்கில் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் சுட்டுவிட்டு வந்தவர்கள், நாங்கள் சுடாமல் வந்தவர்கள். அந்த வித்தியாசம் பெரியது. தெருவில் உத்தரவு வரும்போது யோசிக்க நேரம் கிடையாது, கை பழக்கப்படி வேலை செய்யும். யோசனை வருவது ராத்திரியில், படுக்கையில். சார்ஜென்ட் கிர்பிச்னிகோவ் தன் சகாக்களோடு பேசினார், நாளைக்கு வெளியே போவதில்லை என்று முடிவானது. 27 காலையில் அணிவகுப்பில் கேப்டன் லஷ்கேவிச் வந்தபோது மறுத்தார்கள், முற்றத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இனி திரும்பிப் போக முடியாது, தூக்குக்கயிறுதான். தப்பிக்க ஒரே வழி மற்ற ரெஜிமென்ட்களையும் இதில் இழுத்துவிடுவது. அதனால்தான் ஓடி ஓடிப் பக்கத்துப் பாரக்குகளின் கதவைத் தட்டினார்கள். சாயங்காலத்துக்குள் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள், செமியோனோவ்ஸ்கிக்காரர்கள் உட்பட.

மாஸ்கோவுக்குப் போன மாதிரி வெளியிலிருந்து படை வரவில்லையா? அனுப்பினார்கள். ஜெனரல் இவானோவ் ஒரு பட்டாலியனோடு மொகிலேவிலிருந்து கிளம்பினார், வழியெல்லாம் ரயில்வேக்காரர்களோடு மல்லுக்கட்டி, ஜார்ஸ்கோயே செலோ வரை வந்து, அப்படியே திரும்பிப் போனார். ஜாரின் சொந்த ரயிலே மலாயா விஷேராவோடு திரும்பி, சுற்றிச் சுற்றி பிஸ்கோவில் போய் நின்றது. முடி துறந்து கையெழுத்துப் போட்டதும் அந்த ரயில் பெட்டியில்தான்.

கடைசி பெஞ்ச்

ஐயா, நன்றி. அப்படியென்றால் என்னுடைய ஏழையும் அடித்துவிட்டு "சிப்பாய்" என்று ஒரே வார்த்தை எழுதலாமா?

பழைய பூட்ஸ்

அடித்துவிடாதீர்கள் தம்பி, மார்க் போய்விடும். உங்கள் ஏழும் சரிதான். 1905-இல் அவை பெரும்பாலும் பாரக்குக்கு வெளியே இருந்தன. அப்போதும் படைக்குள் கலகங்கள் நடந்தன, ஆனால் மெய்க்காவல் படையும் கசாக் குதிரைப்படையும் அசையவில்லை. 1917-இல் ஏழுமே உள்ளே வந்துவிட்டன. நிலம் போதாத விவசாயியும் கூலி போதாத தொழிலாளியும் துப்பாக்கியோடு படுத்திருந்தார்கள், ரொட்டி வரிசையில் நின்றது அவர்கள் வீட்டுப் பெண்கள். அதோடு, கீழ்ப்படிந்தால் அடுத்தது போர்முனை என்பது அவனுக்குத் தெரியும்.

ஏட்டுச் சுரைக்காய்

பூட்ஸ் ஐயா சொல்வதோடு கொஞ்சம் முரண்படுகிறேன். சிப்பாய் மறுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதில்லை. 1871 மார்ச் 18, பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் மேல் இருந்த பீரங்கிகளை எடுத்துப்போக வந்த சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட மறுத்தார்கள், சுடச் சொன்ன ஜெனரல் லெகோம்ட் அன்றே கொல்லப்பட்டார். அரசு என்ன செய்தது? வெர்சாய்க்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனி விடுவித்த போர்க்கைதிகளையும் வெளி மாகாணத்து ஆட்களையும் சேர்த்து இன்னொரு படை கட்டியது. மே கடைசி வாரத்தில் அந்தப் படை பாரிஸுக்குள் வந்தபோது செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பெய்ஜிங்கில் 1989-இல் 38-ஆம் படையின் தளபதி சூ சின்சியான், போராடிய மாணவர்கள் மேல் படையை அனுப்ப மறுத்தார், சிறைக்குப் போனார். படை வேறொருவர் தலைமையில் போனது. அதாவது அரசுக்கு நேரமும் இன்னொரு படையும் கிடைத்தால் கதை மாறும். நிக்கோலஸுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

விளைவைப் பற்றி யாருமே பேசவில்லையே? மார்ச் 1 அன்று பெட்ரோகிராட் சோவியத் (தொழிலாளர், சிப்பாய் பிரதிநிதிகளின் சபை) போட்ட முதல் உத்தரவு, ஆயுதங்கள் சிப்பாய்க் குழுக்களின் கையில் இருக்கும், அதிகாரிகளிடம் கொடுக்கக்கூடாது என்றது. சிப்பாய் சுடாததால் பிறந்த இடைக்கால அரசுக்கு, தனக்காகச் சுடவும் ஆள் கிடைக்கவில்லை. போர்முனையில் அது தொடங்கிய ஜூன் மாதத் தாக்குதல் கலைந்துபோனது. அக்டோபரில் லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடிக்க வந்தபோது, அந்த அரசு இருந்த குளிர்கால அரண்மனையைக் காக்க மிஞ்சியது முக்கியமாகப் பயிற்சி மாணவர்களும் பெண்கள் பட்டாலியனின் ஒரு பிரிவும்தான்.

1918 ஜனவரி 5-இல் அரசியல் நிர்ணய சபைக்கு ஆதரவாக அதே நகரத்தில் ஊர்வலம் போனவர்களைப் புதிய ஆட்சியின் ஆட்கள் சுட்டார்கள். செத்தவர்களை ஜனவரி 9 அன்று, 1905-இல் அதே தேதியில் செத்தவர்கள் கிடக்கும் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

கடைசி பெஞ்ச்

இது என் புத்தகத்தில் இல்லை. கடைசியாக ஒன்று: அந்த சார்ஜென்ட் கிர்பிச்னிகோவ் என்ன ஆனார்?

பழைய பூட்ஸ்

கொஞ்ச நாள் பெரிய பெயர். "புரட்சியின் முதல் சிப்பாய்" என்று பத்திரிகைகளில் போட்டார்கள், ஜெனரல் கோர்னிலோவ் கையால் செயின்ட் ஜார்ஜ் பதக்கமும் வாங்கினார். அக்டோபருக்குப் பிறகு போல்ஷெவிக்குகளைப் பிடிக்காமல் தெற்கே டான் பகுதிக்கு, அவர்களை எதிர்த்த வெள்ளைப் படையில் சேரப் போனார். அங்கே கர்னல் குத்தேப்போவைப் பார்த்து, தான் யார் என்று காட்டச் சட்டைப்பையிலிருந்து தன்னைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை எடுத்து நீட்டினாராம். கர்னல் படித்துப் பார்த்துவிட்டு அவரைச் சுடச் சொன்னார். இதைக் கர்னலே பின்னால் சொல்லியிருக்கிறார். 1917 பிப்ரவரி 27 அன்று, விடுப்பில் பெட்ரோகிராடுக்கு வந்த இடத்தில் கையில் ஒரு சிறு படையைக் கொடுத்து, கலகத்தை அடக்கு என்று லித்தேய்னி சாலைக்கு அனுப்பப்பட்டவர் இதே குத்தேப்போவ்தான்.