தான் வடிவமைத்த கப்பலிலேயே ஏறிய ஃபியோக்டிஸ்டோவ்: விண்வெளி உடை இல்லாமல் போனது உண்மையா?

மதி_திருச்சி:
மகள் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் மன்றத்தில் பேச, சோவியத் நாட்டின் வோஸ்கோட்-1 விண்வெளிப் பயணத்தை எடுத்திருக்கிறாள். 1964இல் மூன்று பேர் விண்வெளி உடை இல்லாமல் போனார்கள், அதில் ஒருவர் அந்தக் கப்பலை வடிவமைத்த பொறியாளர், அவர்தான் விண்வெளிக்குப் போன முதல் சிவிலியன் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். கொஞ்சம் சினிமாக் கதை மாதிரி இருக்கிறது. சரிதானா?

லிப்ட்காரன்:
பெரும்பாலும் சரிதான் அம்மா. பெயர் கான்ஸ்டன்டின் ஃபியோக்டிஸ்டோவ். நான் முப்பது வருஷமாக லிப்ட் மாட்டுகிறவன். எடை ஏற்றிச் சோதித்த பிறகு புது லிப்டில் முதலில் ஏறுவது நாங்கள்தான். கதவு மூடும்போது, அந்த போல்ட்டை முறுக்கினோமா என்று ஒரு நினைப்பு இன்றைக்கும் ஓடும். அதனால் இந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ககாரின் போன வோஸ்டாக், ஒரே ஒருவருக்கான கப்பல். ஆள் உட்காரும் உருண்டையின் விட்டம் 2.3 மீட்டர். அதை வடிவமைத்தவர்களில் இவர் முக்கியமானவர். அமெரிக்கர்களின் ஜெமினியில் இரண்டு பேர் போவதற்குள் மூன்று பேரை அனுப்பிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புதுக் கப்பலுக்கு நேரமில்லை, அதே உருண்டைதான். ஆபத்து என்று மறுத்தவர்களில் இவரும் ஒருவர். ஒரு இருக்கை பொறியாளருக்கு என்று, சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளர் கொரலேவ் ஆசை காட்டினார். அப்புறம் வழி பிறந்துவிட்டது!

வழி என்ன? உடை போட்டால் மூன்று பேர் நுழைய முடியாது, ஆகவே உடை போயிற்று. ஆபத்தில் ஆளை வெளியே வீசும் இருக்கையும் போயிற்று. ஏவிய முதல் சில நொடிகளில் ஏதாவது ஆனால் தப்ப வழியே கிடையாது. இருக்கைகளை 90 டிகிரி திருப்பிப் போட்டார்கள், கருவிப் பலகை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கழுத்தைத் திருப்பித்தான் முள்ளைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இப்படிச் செய்தால் இன்ஸ்பெக்டர் சீல் வைத்துவிடுவார். இறங்கும்போதும் உள்ளேயே இருந்தாக வேண்டும் என்பதால், தரையில் மெதுவாக இறக்க ஒரு சிறு ராக்கெட்டைச் சேர்த்தார்கள். பறப்பதற்கு முந்தைய மாதம், சோதனைக்காக விமானத்திலிருந்து போட்ட ஒரு கூடு பாராசூட் மூடி திறக்காமல் விழுந்து நொறுங்கியது. அதெல்லாம் தெரிந்துதான் ஏறினார்.

விமானப்படைக்காரர்களுக்கு இவர் வருவது பிடிக்கவில்லை. கிட்டப்பார்வை, வயிற்றுப்புண் என்று மருத்துவக் காரணங்கள் சொன்னார்கள். ஆனால் இவர் 1942இல், 16 வயதில், வொரோனெழ் நகரில் சோவியத் படைக்கு வேவு பார்க்கப் போய் ஜெர்மானியரிடம் சிக்கியவர். சுட்ட குண்டு தாடையில் புகுந்து கழுத்து வழியாக வெளியேறியது. செத்தவர் போலக் குழியில் கிடந்து, பிறகு தப்பி வந்தார். அவரிடம் போய் வயிற்றுப்புண் கணக்கா!

1964 அக்டோபர் 12இல் கிளம்பி 24 மணி 17 நிமிடம். தளபதி கோமரோவ், மருத்துவர் யெகோரோவ், இவர். மேலே இருந்தபோது சோவியத் தலைவர் குருசேவ் பேசினார். இறங்கிய மறுநாள் குருசேவின் பதவி போய்விட்டது. மாஸ்கோவில் வரவேற்றது அவர் இடத்துக்கு வந்த பிரெஷ்னேவ்.

வான்_வாசகன்:
"முதல் சிவிலியன்" என்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜோசப் வாக்கர் நாசாவின் சிவிலியன் விமானி. 1963இலேயே எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் இரண்டு தடவை, விண்வெளியின் எல்லை என்று சொல்லும் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியவர். விண்வெளிக்குப் போன முதல் பெண் தெரஷ்கோவா நெசவாலைத் தொழிலாளி என்றாலும், பறக்கும் முன் படையில் சேர்த்துப் பதவி கொடுத்துவிட்டார்கள். "பூமியைச் சுற்றிவந்த முதல் சிவிலியன் பொறியாளர்" என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

மதி_திருச்சி:
நன்றி சார், மாற்றிவிட்டாள். உடை இல்லாமல் போனதால் பிறகு யாருக்காவது ஆபத்து வந்ததா என்று கேட்கிறாள்.

லிப்ட்காரன்:
நல்ல கேள்வி, பாப்பாவிடம் சொல்லுங்கள். வோஸ்கோட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை. உடை இல்லாமலும் போகலாம் என்ற பழக்கம் அடுத்து வந்த சோயூஸ் கப்பல்களிலும் தொடர்ந்தது. 1971 ஜூன் 30, சோயூஸ்-11 திரும்பும்போது ஒரு வால்வு உயரத்திலேயே திறந்துகொண்டது, காற்று வெளியேறிவிட்டது. மூன்று பேரும் இறந்தார்கள். அதில் வோல்கோவ், பத்சாயெவ் இரண்டு பேரும் சிவிலியன் பொறியாளர்கள். சோயூஸ் வடிவமைப்பிலும் ஃபியோக்டிஸ்டோவின் கை உண்டு என்பதை மறைக்க வேண்டாம். எனக்குப் பிடித்த மனிதர்தான், ஆனாலும் அந்த உடைக் கணக்கில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

அதன் பிறகு உடை கட்டாயம். இடம் போதாமல் ஒன்பது வருஷம் இரண்டே பேர்தான் போனார்கள். உடையோடு மறுபடி மூன்று பேர் போனது 1980 நவம்பரில், சோயூஸ் டி-3இல். அதில் போகப் பயிற்சி எடுத்தவர்களில் ஃபியோக்டிஸ்டோவும் ஒருவர், வயது 54. இந்தத் தடவை மருத்துவர்கள் விடவில்லை. அவர் இருக்கையில் ஸ்ட்ரெகலோவ் போனார்.