கேட் கன்வர்ட்டர் இருக்கட்டும், ஸ்லிப்-ஆன் மூட்டுக் கசிவுக்கு வழி சொல்லுங்க

பெங்களூரு நண்பர்களே, பிஎஸ்6 (புகை மாசு விதி) பைக், 350 சிசி ஒற்றை சிலிண்டர். கேட் கன்வர்ட்டர் (புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்கிற பாகம்) எஞ்சினிலிருந்து வர்ற பெண்ட் பைப்பிலேயே இருக்கு. பின்னால இருக்கிற சைலன்சரை மட்டும் எடுத்துட்டு ஸ்லிப்-ஆன் (பெண்ட் பைப் மேல செருகி கிளாம்ப் போடுற மாற்று சைலன்சர்) போட்டிருக்கு.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டுன்னு வெடிக்குது, கிளாம்ப் ஓரத்தில் கரி. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைத் துணியால லேசா அடைச்சு, சோப்புத் தண்ணி தெளிச்சா ஸ்லிப்-ஆன் மூட்டின் அடிப்பக்கம் குமிழி வருது. சிலிண்டர் ஹெட் பக்கமும் ஆக்சிஜன் சென்சார் பக்கமும் சுத்தம். அதனால சென்சாருக்கு முன்னால வெளிக்காத்து புகுந்து கலவையைக் குழப்பலை.

பெண்ட் பைப் வெளிவிட்டம் 38 மிமீ, ஸ்லிப்-ஆன் உள்விட்டம் 40. சுத்தி 1 மிமீ இடைவெளி. கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் இது முழுசா அடையாது, குழாய்தான் நசுங்கும். ஸ்லிப்-ஆன் வாயில் நாலு வெட்டு இருக்கு. பைப் அந்த வெட்டு முடியிற இடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கு, அதில் குறையில்லை.

38-40 கிராஃபைட் கேஸ்கெட் ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ சில்லறையாக் கிடைக்குமா? இல்லைன்னா லேத்தில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்லீவ் கடைஞ்சு போட்டவங்க இருக்கீங்களா, சூட்டில் இறுகிப்போய் பிறகு கழட்ட முடியுதா?

"கேட் கன்வர்ட்டரை வெட்டிட்டு நேர்க்குழாய் போடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மூட்டுக் கசிவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கேட் கன்வர்ட்டர் இல்லாம புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவு எகிறினா பியூசி (புகைச் சோதனைச் சான்று) கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் அபராதம் ₹10,000 வரை போகும். மூட்டை அடைக்க பேஸ்ட் பூசினவங்க, எந்த வகை எவ்வளவு நாள் தாங்குச்சுன்னு சொல்லுங்க.