பீட்டில் காருக்கு எந்த சைலன்சர் போடலாம்? கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. குளச்சலில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1972 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இப்போது என் கையில், 1584 சிசி டூயல் போர்ட் இன்ஜின், கார்புரேட்டர் பழைய சோலெக்ஸ் 34 பிக்ட் 3தான். கடல் காற்றில் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, வெல்டிங் வைக்க வைக்கப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுகிறது.

நாலு சிலிண்டரின் புகைக் குழாயும் ஒன்றாகச் சேரும் ஹெடர் போட ஆசை. 35 மி.மீ. குழாய் போதுமா, 38 வேண்டுமா? பெரிய குழாய் பெரிய இன்ஜினுக்குத்தான், நம்ம இன்ஜினுக்குப் போட்டால் கீழ் வேகத்தில் இழுவை குறையும் என்பது என் கணக்கு. நான் நாகர்கோவில், தக்கலை என்று நெரிசலில்தான் அதிகம் ஓட்டுகிறேன், அதனால் 35 பக்கமே மனசு சாய்கிறது.

அப்புறம் ஹீட்டர் பெட்டி, அதாவது புகைக் குழாயின் சூட்டை வைத்துக் காருக்குள் வெப்பக் காற்று அனுப்பும் பெட்டி. நம்ம ஊரில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? அதைக் கழற்றி வெறும் வளைகுழாய் போட்டவர்கள், ஃபேன் மூடியில் ஹீட்டருக்குக் காற்று போகும் இரண்டு வாயையும் எதை வைத்து அடைத்தீர்கள்? அடைக்காமல் விட்டால் சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று வெளியே போய்விடும், மூன்றாம் சிலிண்டர் ஏற்கெனவே சூடு அதிகம் வாங்குவது.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா, இரும்பில் செராமிக் பூச்சு போதுமா? கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் சொன்னால் நல்லது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டியிருந்ததா என்பதையும் சொல்லுங்கள். சத்தம் மட்டும் அதிகம் வேண்டாம், அப்பாவுக்கு அந்தப் பழைய சத்தம்தான் பிடிக்கும்.