ஆறு பொழப்பா வர்ற புத்தகம் இருந்தா சொல்லுங்களேன்

துடுப்பு:
ரொம்ப நாளா மனசுல இருக்குற கேள்வி இது. ஆறு வர்ற கதைன்னு கேட்டா நிறைய பேர் சொல்றாங்க, எடுத்துப் படிச்சா ரெண்டு பேர் படித்துறையில உக்காந்து பேசுறாங்க, அதுக்கப்புறம் கதை வீட்டுக்குள்ள போயிடுது, ஆறு திரும்ப வர்றதே இல்ல. எனக்கு வேணும்ங்கிறது ஆத்துல இறங்கி வேலை செய்றவங்களோட கதை. ஓடம் தள்ளுறவங்க, வலை போடுறவங்க, மணல் அள்ளுறவங்க, தண்ணி ஏறுனா ஒரு மாதிரியும் வத்துனா வேற மாதிரியும் வாழ்க்கையே மாறிப்போறவங்க.

கடலுக்கு நமக்குக் குறையில்ல, வண்ணநிலவனோட கடல்புரத்தில், ஜோ டி குரூஸோட ஆழி சூழ் உலகு, சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த செம்மீன் எல்லாம் படிச்சாச்சு. ஆறுன்னு வந்தா திருலோக சீதாராம் மொழிபெயர்த்த சித்தார்த்தன் ஒண்ணுதான் உள்ள தங்கியிருக்கு. அந்த ஓடக்காரர் வாசுதேவனை மறக்கவே முடியாது, ஆறு சொல்றதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே ஒரு மனுஷன் முழு வாழ்க்கையும் வாழ்ந்துடுறார். ஆனா அதுல ஆறு குருவா வருது, சோறு போடுற ஒண்ணா வரல. தமிழோ மொழிபெயர்ப்போ இங்கிலீஷோ எதுவானாலும் சரி, சொல்லுங்க.

மழைக்காகிதம்:
நீங்க கேக்குறதுக்கு வங்காளத்துக்குத்தான் போகணும் நண்பரே. ரெண்டு புத்தகம், ரெண்டையும் சேர்த்தே படிங்க.

ஒண்ணு மாணிக் பந்தோபாத்யாயோட பத்மா நதிர் மாஜி, 1936ல புத்தகமா வந்தது. மழைக்காலத்து ராத்திரி, பத்மாவுல இலிஷ் மீன் பிடிக்கிற சீசன், அங்கதான் கதை ஆரம்பிக்குது. படகுக்குள்ள மீன் குவிஞ்சு கெடக்குது, லாந்தர் வெளிச்சத்துல செதில் மின்னுது, இமைக்காத அந்தக் கண்ணெல்லாம் நீலக்கல்லு மாதிரி தெரியுதுன்னு எழுதுறார். நான் அந்த இடத்துலயே நிறுத்தி திரும்ப முதல்ல இருந்து படிச்சேன். ஏன்னா அடுத்தாப்புலயே கணக்கு வந்துடுது, படகும் வலையும் தனஞ்செயனோடது, அதனால பிடிச்சதுல பாதி அவனுக்கு, மிச்சப் பாதிய குபேரும் கணேஷும் பிரிச்சுக்கணும். உடம்பு சரியில்லாட்டியும் குபேர் ஆத்துக்குப் போயே ஆகணும், இந்த சீசனை விட்டா வருஷம் முழுக்க என்ன பண்றதுங்கிற பயம். அழகும் கடனும் ஒரே படகுல இருக்குங்க, அதை இவ்வளவு கிட்டத்துல போய் எழுதி நான் வேற எங்கயும் பாக்கல.

இன்னொண்ணு அத்வைத மல்லபர்மனோட திதாஷ் ஒரு நதியின் பெயர். இவரே மாலோங்கிற மீனவ சமூகத்துல பொறந்தவர், 1951ல காசநோயில இறந்துட்டார், நாவல் புத்தகமா வந்தது 1956ல, அதைக் கையில பிடிச்சுப் பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கல. இதை யோசிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. கிஷோர்னு ஒரு பையன் தூரத்து ஊர்ல கல்யாணம் பண்ணி பொண்ணை படகுல கூட்டிட்டு வர்றான், வழியில ராத்திரி கொள்ளைக்காரங்க அவளைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க, இவனுக்குப் புத்தி பேதலிச்சுடுது. அவ எப்படியோ தப்பிச்சு, குழந்தையும் பெத்து, அவன் கிராமத்தையே தேடி வர்றா, ஆனா புருஷன் பேரு அவளுக்குத் தெரியாது. அதுக்கு மேல சொல்ல மாட்டேன். கடைசியில ஆறே தூந்து போகுது, நடுவுல திட்டு எழும்புது, அந்த நிலத்தை வசதியும் ஆள்பலமும் உள்ளவங்க வளைச்சுக்கிறாங்க, வலை வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. இங்கிலீஷ்ல கல்பனா பர்தன் மொழிபெயர்ப்பு இருக்கு. 1973ல ரித்விக் கட்டக் படமாவும் எடுத்தார், ஆனா முதல்ல புத்தகம், அப்புறம் படம்.

பாய்மரம்:
மார்க் ட்வைனோட லைஃப் ஆன் த மிஸிஸிப்பி யாராவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஹக்கிள்பெரி ஃபின் எல்லாருக்கும் தெரியும், 1883ல வந்த இதை அவ்வளவா யாரும் தொடுறதில்ல. அவர் எழுத்தாளர் ஆகுறதுக்கு முன்னாடி நீராவிக் கப்பல் ஓட்டுன ஆள். அந்தப் பேரே ஆத்துல இருந்து எடுத்ததுதான், ஈயக்குண்டு கட்டுன கயித்தைத் தண்ணிக்குள்ள விட்டு ஆழம் பாக்குறவன் 'மார்க் ட்வைன்'னு கத்துனா ரெண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் இருக்குன்னு அர்த்தம்.

தொழில் கத்துக்குற அத்தியாயங்கள் மட்டுமாவது படிங்க. செயிண்ட் லூயிஸ்ல இருந்து நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் 1200 மைல், ஒவ்வொரு திருப்பமும் திட்டும் மனப்பாடமா தெரியணும், கும்மிருட்டுலயும் தெரியணும், போகும்போது பாக்குற கரை வேற வரும்போது பாக்குற கரை வேற, இதுல ஆறு வேற சும்மா இருக்காம கரையை அரிச்சு அரிச்சு மாத்திக்கிட்டே இருக்கும். ஒரு இடத்துல இவரைச் சோதிக்க குருநாதர் பிக்ஸ்பி சுக்கானை இவர்கிட்ட குடுத்துட்டு ஒளிஞ்சுக்கிறார், அந்த இடத்துல ஆழத்துக்குப் பஞ்சமே இல்லைன்னு இவருக்கு நல்லாத் தெரியும், ஆனா ஆழம் பாக்குறவங்க சொல்லி வச்ச மாதிரி குறைச்சுக் குறைச்சுக் கத்துறாங்க, இவருக்குக் கை நடுங்குது, கப்பலைப் பின்னாடி எடுக்கச் சொல்லி இன்ஜின்காரன்கிட்ட கெஞ்சுறார். தெரிஞ்சதை ஒரு சத்தத்துக்காக விட்டுடுறோமே, அந்தப் பயத்தை எனக்கு எழுத்துல காட்டுன பக்கம் அதுதான்.

அப்புறம் ஒரு பக்கம் வருது பாருங்க. ஆத்துல சூரியன் மறையுற அழகுல ஒரு காலத்துல சொக்கி நின்னவர், தொழில் கத்துக்கிட்ட பிறகு அதே காட்சியைப் பாத்தா, சூரியன் இப்படிச் சிவந்தா நாளைக்குக் காத்து, மிதந்து வர்ற கட்டைன்னா தண்ணி ஏறுது, தண்ணி மேல சாய்வா ஓடுற கோடு அடியில கப்பலைக் கொல்லுற திட்டு, இப்படித்தான் தெரியுது. ஆத்தைப் படிக்கக் கத்துக்கிட்டேன், ஆனா அதோட அழகை இழந்துட்டேன்னு வருத்தப்படுறார். துடுப்பு, நீங்க கேட்ட 'பொழப்பு' அந்த ஒரு பக்கத்துல இருக்கு. புத்தகத்தோட பின்பாதி எனக்கு அவ்வளவு பிடிக்கல, பல வருஷம் கழிச்சுத் திரும்பிப் போறார், ரயில் வந்து கப்பல் தொழிலைச் சாப்பிட்டிருக்கு, அந்த இடம் மட்டும் நல்லா இருக்கும், மத்தது இழுவை.

பழையஏடு:
மணல் அள்ளுறவங்கன்னு கேட்டீங்களே, ஆ. மாதவனோட புனலும் மணலும் படிங்க. சின்ன நாவல்தான். ஆத்து மணல் வேலையில இருக்குற அங்குசாமி, அவன் வீட்டுக்கு வந்த பொண்டாட்டியோட மக பங்கி. அழகில்லைங்கிற ஒரே காரணத்துக்காக அவ மேல அவனுக்கு வர்ற வெறுப்பு, அதை எங்கயும் பூசி மெழுகாம எழுதியிருப்பார். படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேச முடியாது.

யாழ்நரம்பு:
எல்லாம் நல்ல புத்தகங்கள், ஆனா ஆறு குருவாவோ அழகாவோ வந்தா அது கம்மின்னு எனக்குத் தோணல. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதுன நடந்தாய் வாழி காவேரியை விட்டுட்டு இந்தப் பேச்சை முடிக்கவே கூடாதுங்க. தலைக்காவிரியில இருந்து பூம்புகார் வரைக்கும் போய்ப் பாத்து எழுதுனது. அந்தத் தலைப்பே சிலப்பதிகாரத்துக் கானல்வரியில இருந்து வந்தது. அங்க என்ன நடக்குது, கடற்கரையில கோவலன் யாழ் எடுத்து காவிரியைப் பாடுறான், மாதவி அதுல வேற யாரோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்கிட்டு பதிலுக்குப் பாடுறா, அவனும் அப்படியே நெனச்சு எழுந்து போயிடுறான். ஆத்தைப் பத்தின பாட்டுலதான் அந்தக் குடும்பக் கதையே உடையுது.

பரிபாடலும் எடுத்துப் பாருங்க, உரையோட. 70 பாட்டுல 26 வைகைக்குன்னு பழைய வெண்பா கணக்கு சொல்லுது, நம்ம கையில முழுசா கெடைச்சது மொத்தமே 22 பாட்டுதான். மிச்சத்துல எத்தனை வெள்ளம் இருந்திருக்குமோ. ஒரு பாட்டுல ஜனங்க பூசியிருந்த சாந்தும் பூவும் மாலையும் கலந்து ஆறே நிறம் மாறிப்போய், அந்தணருங்க இறங்கலாமா வேண்டாமான்னு கலங்கி நிக்கிறாங்க. எந்த ஊர்ப் புலவர் கரையில நின்னு இதைப் பாத்தாரோ, அப்படியே பிடிச்சிருக்கார்.

துடுப்பு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யாழ்நரம்பு, கானல்வரியை இந்தக் கண்ணோட யோசிச்சதே இல்ல, நான் 'பொழப்பு'ன்னு கோடு போட்டது கொஞ்சம் அவசரம்தான், ஒத்துக்குறேன். பாய்மரம் சொன்ன அந்த சூரியன் மறையுற பக்கத்தை இப்பவே தேடிப் படிச்சுட்டேன், ரெண்டு தடவை. மழைக்காகிதம், பத்மாவையும் திதாஷையும் எந்த வரிசையில படிக்கலாம்?

கரைமேடு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஒண்ணு விட்டுப்போச்சு. ஆறு வத்தி அழியுறது ஒரு வகைன்னா, தண்ணி ஏறி அழியுறது இன்னொரு வகை. வைகை அணை கட்டும்போது முழுகிப்போன கிராமங்களைப் பத்தினது வைரமுத்துவோட கள்ளிக்காட்டு இதிகாசம், 2003ல சாகித்ய அகாதமி வாங்குச்சு. பேயத்தேவர்னு ஒரு கிழவர், ஒரு சொட்டுத் தண்ணிக்காக ஆயுசு முழுக்க மண்ணோட மல்லுக்கட்டுனவர், கடைசியில அவர் வீட்டுக்கே தண்ணி வருது. திதாஷ் படிச்ச கையோட இதைப் படிச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும்.

மழைக்காகிதம்:
துடுப்பு, பத்மா முதல்ல. ஆறு நெறஞ்சு ஓடுறதைப் பாத்துட்டு அப்புறம் திதாஷுக்கு வாங்க. திதாஷ் ஆரம்பத்துல கதை மெதுவா நகரும், ஆத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பார், அதைத் தாண்டிக் குதிச்சுடாதீங்க. அந்தப் பக்கங்கள்ல அவர் சொன்ன தண்ணிதான் கடைசியில இல்லாமப் போகுது.