"பைபிளை மாத்திட்டாங்க"ன்னு சொன்னா என்ன பதில்?

காட்பாடி வாலிபர் ஐக்கியம்:
ஸ்தோத்திரம். காலேஜ் பசங்க 'சுவிசேஷத்தைப் பிற்பாடு திருத்திட்டாங்க'ன்னு கேக்குறாங்க. 'விசுவாசி, போதும்'னா எழுந்து போயிடுறாங்க. எங்க ஆரம்பிக்கலாம்?

சத்துவாச்சாரி அண்ணன்:
யோவான் 18-ல ஆரம்பிங்க தம்பி. இங்கிலாந்து மான்செஸ்டர்ல அந்த அதிகாரம் எழுதின ஒரு பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு இருக்கு. சுமார் 9 செ.மீ உயரம், உள்ளங்கையில அடங்கும். முன்பக்கம் 31-33 வசனங்கள், பின்பக்கம் 37-38. பிலாத்து 'சத்தியமாவது என்ன'ன்னு கேக்குற இடம். வரிகள் அறுந்துதான் இருக்கு. 2-ம் நூற்றாண்டுன்னு பலர் கணிக்கிறாங்க. கையெழுத்து வடிவத்தை வெச்சுப் போட்ட கணக்கு அது, அதனால '125-ம் வருஷம்'னு அடிச்சுச் சொல்லாதீங்க.

ராணிப்பேட்டை:
'ஒரு எழுத்துகூட மாறல'ன்னும் சொல்லிடாதீங்க. மாற்கு 16:9-20 சீனாய், வத்திக்கான்ங்கிற பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல. அதை நீங்களே முதல்ல சொல்லுங்க. அவன் கூகுள்ல கண்டுபிடிச்சா அன்னைக்கே கூட்டம் காலி. 1 பேதுரு 3:15-ல 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்'னு இருக்கு. மைக் கைக்கு வந்ததும் அது மட்டும் மறந்துடும்!

காட்பாடி வாலிபர் ஐக்கியம்:
உயிர்த்தெழுதலைக் கேட்டா அண்ணா?

சத்துவாச்சாரி அண்ணன்:
அது பாப்பிரஸ் காட்டி முடிக்கிற விஷயமில்ல. 1 கொரிந்தியர் 15:3-8-ல சாட்சிகள் வரிசை, 14-ம் வசனத்துல 'கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா'ங்கிற பவுலோட பந்தயம். தனியா ஒரு ஞாயிறு ஒதுக்குங்க.