முத்துத் தாத்தா மெடலும் நினைவு நாள் போஸ்டரும்

ராஜா பெரியப்பா: சின்ன ஆத்தாவின் 10ஆம் ஆண்டு நினைவு போஸ்டர் நாளை பிரிண்டுக்குப் போகிறது. பக்கத்தில் அவர் கணவர் முத்துத் தாத்தா படமும் வைக்கிறோம். தாத்தா இறந்த தேதி யாருக்காவது தெரியுமா?

ஹேமா: பர்மா சண்டை என்று மட்டும் கேட்டிருக்கிறேன்

முரளி சித்தப்பா: சிங்கப்பூர். நேதாஜி படை. அப்பா சொன்னார்

கலா அத்தை: உங்க அப்பா நிறையச் சொன்னார்

செல்வம்: பெரியப்பா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, இலவசம். போரில் இறந்த இந்திய வீரர்களும் அதில் உண்டு. இறந்த தேதி இருக்கும். பல பேருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா வரை இருக்கும். பர்மாவில் கல்லறை தெரியாமல் போனவர் என்றால் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் தேட வேண்டும். அங்கே மட்டும் சுமார் 27,000 பெயர்கள். முத்துசாமி என்பதை எந்த கிளார்க் எப்படி எழுதினாரோ, அதனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. சர்வீஸ் நம்பர் வேண்டும். அது மெடலில் இருக்கும்.

ராஜா பெரியப்பா: மெடலில் ஜார்ஜ் ராஜா தலைதான் இருக்கிறது

செல்வம்: விளிம்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு இந்திய வீரர்களுக்குத் தந்த மெடலில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருப்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். சாம்பல் போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும்.

கலா அத்தை: மெடல் யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றாவது தெரிந்ததே

ராஜா பெரியப்பா: பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன் கலா

முரளி சித்தப்பா: அந்த டிரங்குப் பெட்டியில் கிணற்றடி நிலத்துப் பத்திரம் இருக்கிறதா அண்ணா?

ஹேமா: சித்தப்பா, இப்போது அது வேண்டாமே

ராஜா பெரியப்பா: நம்பர் பாதி தேய்ந்திருக்கிறது. அப்புறம் எஸ்பிஆர், முத்துசாமி, ஐ.இ.

செல்வம்: எஸ்பிஆர் என்றால் சாப்பர்! ஐ.இ. என்றால் இந்தியன் இன்ஜினியர்ஸ். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள்தான். மெட்ராஸ், பெங்கால், பம்பாய் என்று மூன்று பிரிவு. நம் பக்கத்து ஆள் மெட்ராஸ் சாப்பர்ஸாகத்தான் இருப்பார். அவர்கள் ரெக்கார்டு ஆபீஸ் பெங்களூரில். மீதி நம்பரையும் படித்துவிட்டால் கடிதம் எழுதிவிடுவேன்.

முரளி சித்தப்பா: அப்போ நேதாஜி படை இல்லையா

செல்வம்: அதையும் தள்ள முடியாது சித்தப்பா. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்திய வீரர்களில் பலர் அதில் சேர்ந்தார்கள். அந்தக் காகிதங்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கலா அத்தை: தேதி கிடைத்தாலும் போஸ்டரில் போடாதீர்கள். பென்ஷன் வரும் என்று சொல்லியும் ஆத்தா அந்தப் பேப்பரில் கைநாட்டு வைக்கவில்லை. வைத்தால் அவர் செத்தார் என்று ஆகிவிடும் என்றார். கடைசி வரை பொட்டு அழிக்கவில்லை. நான்தான் கூட இருந்தேன்.

ஹேமா: அத்தை 🙏

செல்வம்: சரி அத்தை. பட்டியலில் ஆத்தா பெயர் இருந்தால்?

கலா அத்தை: எனக்கு மட்டும் தனியாக அனுப்பு

ராஜா பெரியப்பா: இப்போதைக்குப் படம் மட்டும் போடச் சொல்கிறேன். காலை பத்து மணிக்குள் யாராவது மாற்றிச் சொன்னால் பார்ப்போம்

முரளி சித்தப்பா: அண்ணா, பத்திரம்?