வீட்டுல பியர் காய்ச்சுறவங்களே, மால்ட்டை (முளைகட்டிக் காய வச்ச பார்லி) நாமளே ஊறவச்சு வடிக்கிற ஆல் கிரெயினுக்கு மாறினப்ப எந்தச் சாமான் உங்களைக் கவுத்துச்சு?

எடிசன்வாசி:
எக்ஸ்ட்ராக்ட், அதான் ரெடிமேடா வர்ற மால்ட் பாகு, அந்த டப்பாவை உடைச்சு ஊத்தியே எட்டு பேட்ச் போட்டாச்சு, போன நவம்பர்லதான் ஆல் கிரெயின். மால்ட்டைச் சூடு போகாம ஊறவைக்க 10 கேலன் வாட்டர் கூலர், அடியில வடிய விடுற ஓட்டைத் தட்டு (ஃபால்ஸ் பாட்டம்), திறந்து மூடுற வால்வு, கொதிக்க வைக்க பெரிய கெட்டில் எல்லாம் வாங்கிட்டேன், மால்ட்டை உடைக்கிற மில்லு மட்டும் வாங்கல, அதுக்கு வேற தண்டமா காசு எதுக்கு வீட்டுல மிக்ஸி இருக்கேன்னு 11 பவுண்டு மால்ட்டையும் மிக்ஸில போட்டு ஓட்டிட்டேன். 152 ஃபாரன்ஹீட்டுல ஒரு மணி நேரம் ஊறுச்சு, டெம்பரேச்சர் அசையவே இல்ல, மனசுக்குள்ள ஒரே பெருமை. வால்வைத் திறந்தா ஒரு டம்ளர் வந்துச்சு, அப்புறம் சொட்டு, அப்புறம் அதுவும் இல்ல. ராத்திரி பதினொன்னரை மணி. ட்யூபை வாயில வச்சு ஊதினேன், உள்ள கேழ்வரகுக் களி கொதிக்கிற மாதிரி ‘ப்ளக்’னு ஒரே ஒரு கொப்பளம். தலையைத் தூக்கினா மாடிப்படியில வீட்டம்மா. ஒரு வார்த்தை சொல்லல, பாத்துட்டு திரும்பிப் போயிட்டா. அரிசி வடிக்கிற கூடையில கரண்டி கரண்டியா அள்ளி வடிச்சு முடிக்க ரெண்டு மணி ஆச்சு. உங்க கதையும் சொல்லுங்க, நான் மட்டும்தான் முட்டாளா?

அண்டா மெல்போர்ன்:
ப்ரோ கூலரே தேவையில்ல, இங்க நாங்க பாதிப்பேர் பை முறைதான். எங்கிட்ட பிரியாணி போடுற 40 லிட்டர் அண்டா இருந்துச்சு, அதுல 30 லிட்டர் தண்ணி, பைக்குள்ள 5 கிலோ மால்ட், அவ்ளோதான் செட்டப்பு. பைக்கு முதல்ல அப்பாவோட பழைய காட்டன் வேட்டித் துணியில ஒண்ணைத் தச்சேன், தண்ணி பட்டு நூல் ஊதி இறுகிப்போச்சு, வடியவே இல்ல. அப்புறம் ‘வாயில்’னு ஒரு மெல்லிசு பாலியஸ்டர் துணி, ஜன்னல் திரைக்குப் போடுவாங்களே அது, சூப்பரா வடிஞ்சுது. மூணாவது பேட்ச்ல சூடு 63 செல்சியஸுக்கு எறங்கிடுச்சுன்னு அடுப்பைப் பத்த வச்சேன். பை அடியில ஒட்டிக்கிட்டு இருந்தது தெரியாது. ஒரு மணி நேரம் கழிச்சு தூக்குறேன், நனைஞ்ச மால்ட் பத்து கிலோவுக்கு மேல இருக்கும், ரெண்டு கையும் நடுங்குது, அடியில சிகரெட் சுட்ட மாதிரி ஒரு ஓட்டை, அது வழியா உமியும் மாவுமா சரசரன்னு திரும்ப அண்டாவுக்குள்ளயே கொட்டுது. நான் பையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன், கீழ விடவும் முடியல மேல தூக்கவும் முடியல. இப்ப அடியில ஒரு இட்லித்தட்டைக் கவுத்துப் போட்டுடுவேன், மேல கொக்கி மாட்டி கயித்துல தூக்குறேன்.

கணக்குப்பிள்ளை:
எடிசன் சார் கோச்சுக்காதீங்க, தப்பு சாமான் மேல இல்ல உங்க மேல. மால்ட்டோட தோல்தான் வடிகட்டி, அதை மிக்ஸில பொடி பண்ணா எது வடியும்? அண்டா தம்பி சொல்றதும் முழுக்க சரியில்ல, பை இருந்தா மில்லு வேணாம் கூலர் வேணாம்னு புதுசா வர்றவங்களைக் கெளப்பி விடாதீங்க. என் கதை சின்னது, கெட்டில்ல மாட்டின முள்ளு தெர்மாமீட்டர் 4 டிகிரி கம்மியா காட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் 66ன்னு நெனச்சது 70, அஞ்சு பேட்ச் பியரும் புளிச்சு முடிஞ்சும் அடர்த்தி 1.020க்குக் கீழ எறங்காம பாயசம் மாதிரி நின்னுச்சு. அதனால சொல்றேன். முதல்ல தெர்மாமீட்டர். ஐஸை நொறுக்கி கொஞ்சம் தண்ணி விட்டு முக்கினா 0 காட்டணும், கொதிக்கிற தண்ணியில 100, மலைமேல வீடுன்னா அது கம்மியாகும். கண்ணாடி தெர்மாமீட்டரை மாஷ்ல, அதான் ஊறுற மால்ட்டுல, விடாதீங்க, உடைஞ்சா மொத்தமும் கீழதான். மில்லு ரோலர் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு மெதுவா குறைங்க. கோதுமை, ஓட்ஸ் அதிகம் போட்டா ரெண்டு கைப்பிடி உமி கலந்துடுங்க. கெட்டில் 5 கேலன் பேட்சுக்கு 10 கேலன் இருக்கணும், எட்டு போதும்னு கடையில சொல்லுவாங்க, பொங்கி வழிஞ்சா அடுப்பு தேய்க்கப் போறது அவங்களா? வீட்டு எலக்ட்ரிக் அடுப்புல ஏழு கேலனைத் தளதளன்னு கொதிக்க வைக்கலாம்னு கனவு காணாதீங்க. குழாத்தண்ணியில குளோரின் இருந்தா காம்ப்டன் மாத்திரை போடுங்க. இன்னும் நெறைய இருக்கு, நேரம் கெடைச்சா தனியா எழுதுறேன்.

அண்டா மெல்போர்ன்:
சார் மில்லு வேணாம்னு நான் எங்க சொன்னேன்? கடையிலயே அரைச்சுத்தான் வாங்குறேன். படிச்சுட்டு பேசுங்க.

ஸ்கார்பரோக்காரன்:
சண்டையை விடுங்கோ. எனக்கு நடந்தது சில்லரால, அதுதான் கொதிச்சதை ஆற வைக்கிற, உள்ளுக்குத் தண்ணி ஓடுற சுருள் குழாய். 50 அடி செப்புக் குழாய், 3/8 அங்குலம், நல்ல பளபளப்பா சுருட்டி வந்தது. மாசி மாசம், எங்கட பைப் தண்ணி ஐஸ் மாதிரி, பத்து நிமிசத்தில ஆறிடும் எண்டு நினைச்சன். ஆறினதும் உண்மைதான். லைட்டைக் கிட்டப் பிடிச்சுப் பாக்கேக்கதான் கண்டன், ரப்பர் ஹோஸும் செப்பும் சேர்ற இடத்தில கிளிப்பை நான் சரியா இறுக்கேல்ல, அந்த இடம் கெட்டிலுக்கு நேர மேல, பச்சைத் தண்ணி டிக், டிக் எண்டு ஆறின வோர்ட்டுக்குள்ள (ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) விழுது. எவ்வளவு நேரமா விழுந்ததெண்டு ஆருக்குத் தெரியும். கொட்ட மனம் வரேல்ல, ஈஸ்ட் போட்டன். மூண்டு கிழமையால திறந்தால் பழைய மோர் மணம். இப்ப ரெண்டு கிளிப், ஹோஸ் சேர்ற இடம் கெட்டிலுக்கு வெளியில தொங்கும். இன்னொண்டு, குளிருக்கு கராஜ் கதவைச் சாத்திப்போட்டு புரொப்பேன் காஸ் அடுப்பைப் பத்தவைக்காதேங்கோ, கார்பன் மொனொக்சைட் மணக்காது.

எடிசன்வாசி:
கணக்குப்பிள்ளை சார், என் மேல தப்புன்னு நானே தானே சொன்னேன். மில்லு வாங்கியாச்சு, ட்ரில் மாட்டி ஓட்டுறேன், போன சனிக்கிழமை அருவி மாதிரி வடிஞ்சுது. பயத்துல உமியும் ஒரு பவுண்டு வாங்கி வச்சிருக்கேன், ஊர்ல அடுப்புல போட்டு எரிக்கிறதை இங்க எடை போட்டு காசு குடுத்து வாங்குறேன்னு அப்பாகிட்ட சொல்லல. மிக்ஸிதான் பிரச்சனை. நாலு தடவை கழுவியாச்சு, தேங்காய்ச் சட்னி அரைச்சா இன்னும் ஹார்லிக்ஸ் வாசம் வருது.